வரவில்லை என்று எழுதிய பதிவேடு

என் அக்காவின் பெயர் ஒரு பள்ளிக்கூடப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. 2002ஆம் வருடம், எட்டாம் வகுப்பு. பெயருக்கு நேராக ஒரே வரி: நீண்ட நாள் வரவில்லை, பெயர் நீக்கம். அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஊரின் பள்ளிக்கூடம் அது. அக்கா ஏன் வரவில்லை என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். பஞ்சாலைக்காரர்கள் வேன் வைத்து வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். 'சுமங்கலி திட்டம்' என்று பேர். மூணு வருசம் ஆலைக்குள்ளேயே தங்கி வேலை செய்தால் முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அக்கா பதினாலு வயதில் அந்த வேனில் ஏறினாள். பதிவேட்டுக்கு அது தெரியாது. பதிவேடு 'வரவில்லை' என்று எழுதும். ஏன் வரவில்லை என்று எழுதாது.

இந்தக் கட்டுரை அக்காவைப் பற்றியது மட்டும் அல்ல. அதே காரணம் சொல்லி நீக்கப்பட்ட இன்னொரு பெயரைப் பற்றியது. அந்தப் பதிவேடு ஜெர்மனியில் இருக்கிறது. பான் பல்கலைக்கழகம். 1921ஆம் வருடம் சேர்ந்த மாணவர் ஒருவர் வகுப்புகளுக்கு வராத காரணத்தால் 1922 ஜனவரியில் அவர் பெயர் எடுக்கப்பட்டது. அந்த மாணவரின் பெயர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர்.

நானும் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவன். அதனால் இதை எழுத எனக்கு ஒரு கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

1

அம்பேத்கர் அமெரிக்காவில் படித்தார், லண்டனில் படித்தார் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஜெர்மனியில் சேர்ந்தார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் 1922-23 வாக்கில் கொஞ்ச நாள் பான் நகரில் இருந்தார் என்று வாழ்க்கை வரலாறுகளில் வருகிற ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஜெர்மன் ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடி எடுத்த பிறகு கதை கொஞ்சம் தெளிவாகிறது. 1921இன் தொடக்கத்தில் அவர் லண்டனிலிருந்து பிரஷ்ய அரசின் கல்வி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுதுகிறார். எழுதியது ஜெர்மன் மொழியில். தன் படிப்பு விவரங்களைச் சொல்லி, பான் பல்கலைக்கழகத்தில் சேர அனுமதி கேட்கிறார். அந்த ஏப்ரலில் சேர்ந்தும் விடுகிறார். ஒன்பது மாதம் கழித்துப் பெயர் போய்விடுகிறது.

அந்த ஒன்பது மாதம் அவர் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில் நியூயார்க் போனவர், அது முடிந்ததும் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் திரும்ப வேண்டியிருந்தது. உதவித்தொகைக்கு ஈடாக பரோடா அரசில் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பரோடாவில் பெரிய அதிகாரிக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. தீண்டத்தகாதவன் என்று தெரிந்ததும் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள். பிறகு பம்பாய் சிடனாம் கல்லூரியில் வாத்தியார் வேலை. அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜா தந்த உதவி, நவல் பதேனா என்ற பார்சி நண்பரிடம் வாங்கிய ஐயாயிரம் ரூபாய் கடன், இவ்வளவையும் சேர்த்துக்கொண்டு 1920இல் மறுபடி லண்டன் போகிறார். ஒரு பக்கம் லண்டன் பொருளாதாரப் பள்ளி. ஒரு பக்கம் கிரேஸ் இன்னில் வக்கீல் படிப்பு. 1921இல் எம்.எஸ்ஸி. முடிகிறது. அடுத்து ரூபாயின் சிக்கலைப் பற்றிய டி.எஸ்ஸி. ஆய்வு. வீட்டில் ரமாபாய் குடும்பத்தை எப்படி ஓட்டினார் என்பது தனிக் கதை.

இத்தனைக்கும் நடுவில்தான் பான் பதிவு. கடனில் படிக்கிறவன் ஒரே நேரத்தில் மூன்று கதவைத் தட்டுகிறான். மறுபடி வர முடியுமோ முடியாதோ, வந்த தடவையே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்கிற அவசரம் அதில் தெரிகிறது. நம்மில் முதல் தலைமுறையாகப் படித்தவர்களுக்கு இந்த அவசரம் புரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். 1923 ஏப்ரலில் அவர் பம்பாய் திரும்பினார். லண்டன் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தச் சொன்னபோது அங்கே உட்கார்ந்து திருத்தப் பணம் இல்லை. இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். பான் படிப்பு அப்படியே நின்றது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பான் பல்கலைக்கழகம் 1818இல் தொடங்கியது. அங்கேதான் ஷ்லேகல் என்பவர் ஜெர்மனியின் முதல் சமஸ்கிருதப் பேராசிரியர் ஆனார். பகவத் கீதையை லத்தீனில் பெயர்த்து 1823இல் வெளியிட்டவர் அவர். சமஸ்கிருதம் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட மகர் பையனுக்குப் பம்பாய்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு கிடைக்கவில்லை, பாரசீகம்தான் கிடைத்தது. வெள்ளைக்காரன் நாட்டில் அது நூறு வருடமாக யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து படிக்கிற பாடமாக இருந்தது. தன் ஊரில் பூட்டி வைத்த மொழி, அந்நிய ஊரில் திறந்து கிடந்தது.

2

அந்தக் காலத்தில் ஜெர்மனிக்குப் படிக்கப் போன மற்ற இந்தியர்கள் யார்? முதல் உலகப் போருக்குப் பிறகு பெர்லின் இந்திய மாணவர்களால் நிறைந்தது. வெள்ளையனின் லண்டனை விட்டு வெளியே படிக்க வேண்டும் என்கிற தேசிய ஆசையும் இருந்தது. பின்னால் குடியரசுத் தலைவரான ஜாகிர் உசேன் 1926இல் பெர்லினில் டாக்டர் பட்டம் வாங்கினார். மனித மண்டையோட்டை அளந்து ஆய்வு செய்தவர் ஐராவதி கார்வே. உப்பு வரியைப் பற்றி எழுதியவர் ராம் மனோகர் லோகியா. இவர்கள் திறமைசாலிகள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்கள் பின்னால் ஒரு குடும்பம் இருந்தது, ஒரு சமூகம் இருந்தது, பணம் கொடுக்க ஒரு அறக்கட்டளையோ உறவோ இருந்தது. அவர்களில் ஒருவர் வகுப்புக்கு வராமல் போனால் விசாரிக்க ஆள் இருந்தது.

தமிழர்கள் ஜெர்மனிக்குப் போன கதை இன்னும் பழையது. தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் பாதிரிமார், திரும்பும்போது தமிழ் இளைஞர்களைக் கூட்டிப் போனார்கள். சீகன்பால்க் 1714இல் ஐரோப்பா போனபோது மலையப்பன் என்கிற இளைஞர் கூடப் போனார். 1716இல் ஹாலே நகரத்தில் அச்சான லத்தீன் வழித் தமிழ் இலக்கணத்தில் சீகன்பால்க் பெயர் இருக்கிறது. சொல்லிக் கொடுத்த நாக்கின் பெயர் பலருக்குத் தெரியாது.

அதே மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பறையர். தஞ்சாவூர் மன்னரின் படையில் இருந்தவர், பிறகு உபதேசியார் ஆகி ஊர் ஊராகப் போனவர். மிஷன் 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளரைக் குருவாக்கியது. அடுத்த குரு யார் என்று வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. ஒரு பறையர் கையால் நற்கருணை வாங்க வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று பாதிரிமாரே முடிவு செய்து அதைக் கைவிட்டார்கள். 1741இல் தியோகு குருவானார். பின்னால் வந்த லைப்சிக் மிஷன் நம்ம கோயம்புத்தூர் வரைக்கும் வந்தது. சாதியை உடனே விடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று மற்ற மிஷன்களோடு சண்டை போட்டது அந்த மிஷன்தான்.

ஆகவே ஜெர்மன்காரன் வந்தால் சாதி போய்விடும், ஜெர்மனிக்குப் போனால் சாதி போய்விடும் என்று யாராவது சொன்னால் முந்நூறு வருடக் கணக்கை எடுத்துக் காட்டலாம். அவன் கதவைத் திறந்து வைத்தாலும் வாசலில் நம்ம ஊர்க்காரன் நிற்கிறான்.

3

என் கதைக்கு வருகிறேன்.

என் தாத்தா தோல் வேலை செய்தவர். கிணற்றில் கவலை இறைக்கிற தோல் சால், வடம், மாட்டுக்கு வார், பண்ணாடிக்குச் செருப்பு எல்லாம் எங்கள் வளவில்தான் தைத்தார்கள். கொங்கு நாட்டு வெள்ளாமை அந்தச் சாலில்தான் மேலே ஏறியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, பிறகு மோட்டார் பம்பு வந்தது. கோயம்புத்தூர் பம்புக்குப் பேர் போன ஊராச்சு. எங்கள் ஆட்கள் கையில் இருந்த தொழில் போச்சு. தோட்டம் வைத்திருந்தவன் கரண்ட் கம்பியைப் பிடித்து மேலே போனான். எங்கள் தாத்தா பண்ணையத்து ஆளாகவே நின்றார். அய்யனும் அப்படித்தான்.

நிலமில்லாத வீட்டிலிருந்து வந்த நான் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்தேன். வளவில் சிரித்தார்கள். "கண்ணு, நட்டுப் பாக்கறதுக்கு ஒரு சென்ட் இல்ல, என்ன பண்ணப் போற?" என்று அம்மா கேட்டாள். விடுதிச் செலவுக்கு அக்காவின் பஞ்சாலைப் பணம் போனது. அவள் கல்யாணத்துக்கு என்று வந்த தொகை அது.

பான் பல்கலைக்கழகத்தின் வேளாண் துறை பாப்பல்ஸ்டோர்ஃப் என்கிற பகுதியில் இருக்கிறது. 1847இல் தனி விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1934இல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. வெப்ப மண்டல விவசாயத்துக்கு அங்கே ஆங்கிலத்தில் ஒரு முதுகலைப் படிப்பு உண்டு. 2018இல் எனக்கு இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணம் கிடையாது. பருவத்துக்கு முந்நூறு யூரோவை ஒட்டி ஒரு தொகை கட்டினால் போதும், அதிலேயே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் வந்துவிடும்.

"ஓசிப் படிப்பா?" என்று அய்யன் நம்பவில்லை. அவர் நம்பாதது சரிதான் என்று பிறகு தெரிந்தது. விசா வேண்டுமானால் ஒரு வருடம் சாப்பிடத் தேவையான பணத்தை முன்கூட்டியே ஒரு முடக்கிய கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். மாதாமாதம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும். அப்போது அது 8,640 யூரோ. அன்றைய விலையில் ஏழு லட்சம் ரூபாய்க்குப் பக்கம். பணம் உன்னுடையதுதான், செலவு செய்யப் போவதும் நீதான். ஆனால் முதலில் காட்டு என்கிறார்கள். எங்கள் வளவில் ஏழு லட்சத்தை மொத்தமாகப் பார்த்தவர்கள் இல்லை.

மத்திய அரசின் வெளிநாட்டுப் படிப்பு உதவித்தொகை எனக்குக் கிடைக்கவில்லை. கடனுக்கு ஒரு வங்கிக்குப் போனேன். நாலு லட்சம் வரைக்கும் ஜாமீன் வேண்டாம், ஏழரை லட்சம் வரைக்கும் மூன்றாம் ஆள் ஜாமீன், அதற்கு மேல் சொத்து. இது வங்கிகளின் பொது விதி. மேலாளர் என் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். "அக்ரி படிச்சிருக்கீங்க, வீட்ல எத்தன ஏக்கரா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "பூமி இல்லாம என்ன அக்ரி?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். கோயம்புத்தூர் ஜில்லாவில் வேளாண்மை படித்தவன் என்றால் தோட்டத்துக்காரன் மகனாகத்தான் இருப்பான் என்பது அவருக்குப் பழகிப்போன கணக்கு. அந்தக் கணக்கில் என்னை வைக்க இடம் இல்லை.

மூன்றாம் ஆள் ஜாமீன் போட யார் இருக்கிறார்கள்? எங்கள் உறவில் மாதச் சம்பளச் சீட்டு வைத்திருந்தது ஒரே ஆள்தான். மாநகராட்சியில் நிரந்தரத் துப்புரவுப் பணியாளராக இருந்த என் தாய்மாமன். சாக்கடை அள்ளுகிற சம்பளம். அந்தச் சீட்டைக் கொண்டு வந்து வைத்தார். "கையெழுத்துத்தான மாப்ள, போட்டா போச்சு. நீ மட்டும் திரும்பி வந்து இந்த வேலைக்கு நிக்கக் கூடாது" என்றார். அந்தக் கையெழுத்தில்தான் நான் விமானம் ஏறினேன். அம்பேத்கருக்கு ஒரு நவல் பதேனா. எனக்கு என் மாமன்.

4

இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தவர் என்பதை நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் சொல்லிக்கொள்கிறோம்? 1939இல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்கிற சிறு நூலில் அவரே அதைச் சொல்கிறார். சுமார் நானூறு மாணவர்கள், பத்துப் பேர் தவிர எல்லாரும் பிராமணர்கள். தன் சாதி, இருக்கிற இடம், சொந்தக்காரர்கள் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்களே என்ற பயத்தில், மணி அடிக்கும் வரைக்கும் வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு வகுப்புக்குள் போவாராம். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பாராம். கூட விளையாட முடியாமல் போனது அவருக்குக் கடைசி வரை மனதில் இருந்திருக்கிறது. அந்தப் பையன்தான் பின்னால் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். 1930இல் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார்.

இதை நான் கல்லூரியில் படித்தபோது பழைய காலத்துக் கதை என்று நினைத்தேன். பான் நகரில்தான் அது என் கதை என்று தெரிந்தது.

2019 பொங்கல். பக்கத்து நகரத்தில் தமிழர்கள் கூடுகிறார்கள் என்று கூப்பிட்டார்கள். ஊரை விட்டு வந்து மூணு மாதம் ஆகியிருந்தது. தமிழ்க் குரல் கேட்க வேண்டும் போல இருந்தது. போனேன். மேடையில் நாலு பிள்ளைகள் பறை அடித்தார்கள். தமிழர் பண்பாடு என்று ஒருவர் ஒலிபெருக்கியில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் தாத்தா ஊர் இழவுக்கு அதே தப்பை அடித்துவிட்டுத் துண்டை விரித்துக் காசு வாங்கியவர். அது பண்பாடு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது பக்கத்தில் ஒரு பெரியவர். கோயம்புத்தூர்க்காரர். பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க எந்தப் பக்கமுங்க?"

"அன்னூர் பக்கமுங்க."

"அட, நம்மூருங்க. எந்தக் கூட்டம்?"

கொங்குப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை. கவுண்டர்களில் கூட்டம் கூட்டமாகக் குலப் பெயர் உண்டு. அதைக் கேட்டால் பங்காளியா, பெண் கொடுக்கிற முறையா என்று தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் என்னை அவமானப்படுத்தக் கேட்கவில்லை. பிரியமாகத்தான் கேட்டார். நான் அவர் ஆளாகத்தான் இருப்பேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. அன்னூரிலிருந்து ஜெர்மனிக்கு வேறு யார் வந்துவிட முடியும்?

"ரயிலுக்கு நேரமாச்சுங்க" என்று எழுந்துவிட்டேன். ரயில் அரை மணிக்கு ஒன்று. குளிரில் வேகமாக நடந்தேன். யாராவது பின்னால் வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாதி வழியில் சீனிவாசன் நினைவு வந்தது. அவர் கோயம்புத்தூர்த் தெருவில் நடந்த அதே நடை. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் நான் அதே நடையை ரைன் நதிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அந்தக் கூட்டங்களுக்கு நான் போகவில்லை. அவர்கள் வருகைப் பட்டியல் வைத்திருந்தால் அதிலும் 'வரவில்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள்.

ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவப் போனேன். மணிக்கு 9 யூரோ 19 சென்ட், 2019இல் அந்த நாட்டுச் சட்டம் வைத்த குறைந்தபட்சக் கூலி. எல்லாருக்கும் அதே கூலி. என்னோடு கோவைப் பையன் ஒருவனும் கழுவினான். வசதியான வீட்டுப் பிள்ளை. வீட்டில் ஆய்வகத்தில் வேலை என்று சொல்லியிருந்தான். எச்சில் தட்டுக் கழுவுவதை அவன் வீட்டுக்குச் சொல்லவில்லை. என் சாதியை நான் அவனுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே தொட்டியில் கை விட்டு நின்றோம். இரவு அவன் அறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம்.

அந்த ஏப்ரலில்தான் பான் பதிவேட்டைப் பற்றிப் படித்தேன். அம்பேத்கர் பிறந்த நாள் அன்று சாயங்காலம் பல்கலைக்கழகத்தின் பழைய மஞ்சள் கட்டிடத்துக்கு முன்னால் புல்வெளியில் உட்கார்ந்திருந்தேன். மார்க்ஸ் 1835இல் சட்டம் படிக்க வந்து சேர்ந்த இடம் இது என்று எல்லாரும் சொல்கிறார்கள். இன்னொருவர் வந்து சேர்ந்ததை யாரும் சொல்வதில்லை. கூட இருந்த அந்தப் பையனிடம் அதைச் சொன்னேன். பேச்சோடு பேச்சாக, "நானும் அந்த ஆளுங்கதான்டா, மாதாரி" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கென்னடா, நான் அதெல்லாம் பாக்கறதில்ல" என்றான். அவன் பேச்சை நிறுத்தவில்லை. வேலைக்குச் சேர்ந்தே போனோம். சேர்ந்து சமைப்பது மட்டும் நின்றுபோனது. கேட்டால் நேரமில்லை என்றான். ஏன் என்று எழுதாத பதிவேடு மனிதர்களுக்குள்ளும் இருக்கிறது.

5

ஜெர்மனியை நான் சொர்க்கமாகச் சொல்ல வரவில்லை. பதிவேட்டில் பெயர் அடிக்கிற வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதும் அங்கேயே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. 1933 ஏப்ரலில் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டது. பள்ளி, பல்கலைக்கழகங்களில் நெரிசலைக் குறைக்கிறோம் என்று பேர். புதிதாகச் சேருகிறவர்களில் யூதர்கள் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் கூடாது என்பதுதான் விஷயம். பானில் கணிதப் பேராசிரியராக இருந்த ஃபெலிக்ஸ் ஹவுஸ்டோர்ஃப் யூதர். உலகக் கணிதத்தில் பெரிய பெயர். 1935இல் வேலையை விட்டு அனுப்பினார்கள். 1942 ஜனவரியில் முகாமுக்குக் கொண்டு போகப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அவரும் மனைவியும் மனைவியின் தங்கையும் விஷம் குடித்து இறந்தார்கள். எழுத்தாளர் தாமஸ் மன்னுக்குத் தந்த கௌரவப் பட்டத்தை இதே பல்கலைக்கழகம் 1936இல் பறித்தது. போருக்குப் பிறகு திருப்பிக் கொடுத்தது.

இன்றைக்கு ஹவுஸ்டோர்ஃப் பெயரில் பானில் ஒரு தெரு இருக்கிறது, ஒரு கணித ஆய்வு மையம் இருக்கிறது. செய்த கொடுமைக்கு அது ஈடாகாது. ஆனால் பெயரை யார் அடித்தது, ஏன் அடித்தது என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் அப்படி ஒரு வரி கூடக் கிடையாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடிவதற்கு முன் ஒரு சுற்றுச்சுவர் விழுந்து அருந்ததியர் 17 பேர் செத்தார்கள். நான் அதைப் பானில் கைப்பேசியில் பார்த்தேன். மழையால் சுவர் விழுந்தது என்றுதான் முதலில் செய்தி வந்தது. சேரி ஓரம் அவ்வளவு உயரத்துக்கு அந்தச் சுவர் ஏன் நின்றது என்பதை நாம்தான் கேட்க வேண்டியிருந்தது.

6

இப்போது நான் ஊரில் இருக்கிறேன். கடன் இன்னும் கொஞ்சம் பாக்கி. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் வருகிறார்கள், ஜெர்மனிக்கு விண்ணப்பிக்க வழி கேட்டு. இந்திய மாணவர்கள் அங்கே பெருகிவிட்டார்கள். 2023-24இல் மட்டும் 49,000க்கு மேல், வெளிநாட்டு மாணவர்களில் முதல் இடம். அந்தக் கணக்கில் சாதிக் கட்டம் இல்லை. அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது.

வாசல் மேலும் உயர்ந்துவிட்டது. முடக்கிய கணக்கில் காட்ட வேண்டிய தொகை 2024 செப்டம்பர் முதல் 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். 2022 நவம்பரிலிருந்து ஏ.பி.எஸ். சான்று என்று ஒன்று வேண்டும், நம் சான்றிதழ்கள் உண்மையா என்று பார்ப்பதற்கு. அதற்குக் கட்டணம் 18,000 ரூபாய். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் வெளிநாட்டு மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வைத்துவிட்டது.

இந்தப் பக்கம் என்ன நடக்கிறது? பட்டியல் சாதியினருக்கான மத்திய அரசின் வெளிநாட்டுப் படிப்பு உதவி 1950களில் தொடங்கிய திட்டம். இன்று நாடு முழுக்க வருடத்துக்கு 125 இடம், அதில் பட்டியல் சாதிக்கு 115. 2022இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு இந்த உதவி கிடையாது என்று. சாதியைப் பற்றி வெளியே போய்ப் படிக்காதே என்பதுதான் அதன் பொருள். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் கொலம்பியாவில் 1916இல் 'இந்தியாவில் சாதிகள்' என்று கட்டுரை படித்த மாணவருக்குப் பணம் கிடைத்திருக்காது. 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மீதி 66 பேருக்கு நிதி வந்தால் பார்க்கலாம் என்றார்கள். ஜெர்மனியில் வகுப்பு அக்டோபரில் தொடங்கிவிடும். அது யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு பருவம் தவறினால் அங்கே பதிவேட்டில் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, நான் சொல்ல வருவது இதுதான். நம் பிள்ளைகள் வெளியே போக வேண்டும். போவதற்கு வேண்டிய பணத்தைக் காலத்தில் கொடு என்று அரசைக் கேட்க வேண்டும். நிலத்தை ஜாமீனாகக் கேட்கிற விதியை, நிலம் மறுக்கப்பட்ட மக்களுக்கு மாற்று என்று கேட்க வேண்டும். அங்கே இருக்கிற நம் ஆட்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வேண்டும், வேகமாக நடந்து தப்பிப்பதை நிறுத்த வேண்டும். இதை நான் அறிவுரையாகச் சொல்லவில்லை. பாதி வழியில் எழுந்து ஓடியவன் என்ற முறையில் சொல்கிறேன். இதையெல்லாம் எழுதியும் வைக்க வேண்டும். அம்பேத்கர் பான் வகுப்புகளுக்கு ஏன் வரவில்லை என்று அந்தப் பதிவேட்டுக்குத் தெரியாது. கடன் கணக்கையும், பயணச் சீட்டையும், வீட்டுக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் நமக்குத் தெரியும்.

போன மாதம் அக்காவின் பழைய சான்றிதழ் ஒன்றுக்காக அவளோடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அப்போதுதான் அந்தப் பதிவேட்டைப் பார்த்தேன். அக்காவின் மகள் இப்போது அதே எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். சிவப்புக் கோட்டை அக்கா விரலால் தடவிப் பார்த்தாள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது சொன்னாள்:

"வரலீன்னு எழுதி வெச்சிருக்கறாங்க. வர உடலீன்னு எழுதோணும்."